எல்லாம் திரையில் தெரிந்தும் கமாண்டரின் உத்தரவு ஏன் தாமதமாகிறது?

காட்பாடி மாணவன்:

வணக்கம். காட்பாடியில் முதுகலை படிக்கிறேன். எங்கள் புராஜெக்ட் ஒரு சின்ன கமாண்ட் சோதனை. சண்டை நடக்கும்போது தலைமை தாங்குபவருக்குச் சூழ்நிலை எவ்வளவு புரிகிறது, அந்தப் புரிதல் அவருடைய முடிவுக்கு எவ்வளவு உதவுகிறது என்று பார்க்கிறோம்.

கணியம்பாடி, அமிர்தி, கண்ணமங்கலம் சுற்றுவட்டார வரைபடத்தைக் கணினியில் ஏற்றியிருக்கிறோம். எதிரணி அமிர்தி காட்டோரத்திலிருந்து இறங்கி வந்து திருவண்ணாமலை சாலையைப் பிடிக்கப் பார்க்கும். நம் கமாண்டருக்கு மூன்று பிளாட்டூன் (சிறு படைப்பிரிவு), அதில் ஒன்று ரிசர்வ், அதாவது தேவைப்படும்போது அனுப்ப ஒதுக்கி வைத்தது. அவர் சாலையைக் காக்க வேண்டும். விளையாடுபவர்கள் எல்லாரும் என்.சி.சி. மாணவர்கள். பாதிப் பேருக்கு டிரோனிலிருந்து பார்ப்பது போல முழுக் களமும் திரையில் தெரியும். மீதிப் பேருக்கு ஒரு வரைபடம், ஒரு வயர்லெஸ், ஒரு பென்சில். காவல் நிலைகளிலிருந்து வரும் செய்தியை அவர்களே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அளப்பதற்கு, சூழல் உணர்வை (சுற்றி நடப்பது ஒருவருக்கு எவ்வளவு புரிகிறது என்பதை) ஆராயும் மைக்கா எண்ட்ஸ்லியின் சாகட் முறையை எடுத்தோம். ஆட்டத்தை எதிர்பாராத நேரத்தில் நிறுத்தி, திரையை மறைத்துவிட்டு, எதிரி எங்கே, எத்தனை பேர், நம் ஆட்கள் எங்கே என்று கேட்போம்.

திரைக் குழுதான் இந்தக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னது. அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் உத்தரவு கொடுப்பதில் அவர்கள்தான் பின்தங்கினார்கள். சில ஆட்டங்களில் எதிரி சாலையைத் தொட்ட பிறகே ரிசர்வ் நகர்ந்தது. பென்சில் குழு குறித்த இடங்கள் பலவும் தப்பு. இருந்தும் முன்கூட்டியே கிளம்பி வழியை மறித்தார்கள்.

கைடு அளக்கும் முறையைத் திரும்பப் பார்க்கச் சொல்கிறார். நண்பன், “தகவல் அதிகமானால் குழப்பம், அவ்வளவுதான், எழுதி முடி” என்கிறான். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. ராணுவத்தில் இருந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உண்மையில் என்ன நடக்கிறது? நான் எதை அளக்க வேண்டும்?

கணியம்பாடி சுபேதார்:

தம்பி, உன் கைடு சொல்வதில் நியாயம் இருக்கிறது. எதிரி எங்கே, எத்தனை பேர் என்பது திரையைப் பார்த்தாலே வந்துவிடும். அவன் என்ன செய்யப் போகிறான் என்று ஒரு கேள்வியாவது கேட்டாயா? நீ சொல்லும் எண்ட்ஸ்லியே 1995-ல் இதை மூன்று படியாகத்தான் பிரித்திருக்கிறார். கண்ணில் படுவது முதல் படி, அதன் பொருள் விளங்குவது இரண்டாவது, அடுத்து என்ன ஆகும் என்று கணிப்பது மூன்றாவது. நீ முதல் படியில் பரீட்சை வைத்துவிட்டு மூன்றாவது படியின் பலனை எதிர்பார்க்கிறாய்.

நான் காலாட்படையில் சிக்னல் பிளாட்டூனில் ஆபரேட்டராகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். சர்வீஸில் பெரும்பகுதி சி.ஓ. சாப் (பட்டாலியன் தலைவர்) பக்கத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததில் போனது. வயர்லெஸ் செட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். கமாண்டருக்கு என்ன தெரியும் என்பது அவர் சொல்லும் பதிலைவிட அவர் கேட்கும் கேள்வியில்தான் வெளிப்படும்.

ராஜஸ்தானில் ஒரு பெரிய பயிற்சி. இரவு, புழுதி, செட்டில் ஓயாத இரைச்சல். இரண்டு கம்பெனி கமாண்டர்கள் ஒரே நெட்டில், அதாவது ஒரே வயர்லெஸ் அலைவரிசையில் இருந்தார்கள். ஒருவருக்கு மேட்டில் நல்ல அப்சர்வேஷன் போஸ்ட் கிடைத்திருந்தது. செய்தி வந்துகொண்டே இருக்கும். அவர் கேட்டதெல்லாம் “இப்போ எங்கே? எத்தனை வண்டி? திரும்பச் சொல்லு.” பதில் வரும், மறுபடி அதே கேள்வி. இன்னொருவருக்கு ஒரே ஒரு ரோந்துதான், அதுவும் விட்டு விட்டுப் பேசும். அவர் அந்த ரோந்திடம் கேட்டது ஒன்றுதான்: “அவங்க தண்ணீர் பவுசர் எந்தப் பக்கம் போகுது, அதை மட்டும் பார்.” பவுசர் என்றால் தண்ணீர் லாரி.

பாலைவனத்தில் நாலு வண்டியை விட்டுப் புழுதி கிளப்பி ஒரு படையே வருவதாகக் காட்டிவிடலாம். தண்ணீரை வைத்து அப்படி ஏமாற்ற முடியாது. பவுசர் எங்கே போகிறதோ அங்கேதான் விடியும்போது ஆட்கள் நிறைய இருக்கப் போகிறார்கள். தெற்கே போகிறது என்று ரோந்து சொன்னது. அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கம்பெனியைத் தெற்கே கிளப்பிவிட்டார். முதலாமவர், பயிற்சி நடுவரான அம்பயர் வந்து “சுற்றி வளைத்துவிட்டார்கள்” என்று சொன்ன நேரத்திலும் எண்ணிக்கை கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அவர் திறமையில்லாத அதிகாரி என்று நினைக்காதே. கேட்டால் பதில் கிடைக்கிற இடத்தில் இருந்தார், அதனால் கேட்டார். அடுத்த செய்தி இன்னும் தெளிவாக இருக்கும் என்ற நம்பிக்கை உத்தரவைத் தள்ளிப் போட வைக்கும். இரண்டாமவருக்கு அந்த நம்பிக்கைக்கே இடமில்லை. எதிரி தெற்கே சுற்றி வருவான் என்று முதலிலேயே ஒரு சந்தேகம் வைத்திருந்தார். அது சரியா தப்பா என்று சொல்லிவிடக்கூடிய ஒரு செய்தியைத் தேடினார், கிடைத்ததும் நிறுத்திக்கொண்டார். உன் பென்சில் குழுவிலும் இதுதான் நடந்திருக்கும் என்று படுகிறது.

ஆட்டத்தின் பேச்சைப் பதிவு செய்து வைத்திருப்பாய் அல்லவா? அதை எடு. கமாண்டரின் கேள்விகளை மட்டும் வரிசையாக எழுதிப் பார். அப்புறம் பேசுவோம்.

ராணிப்பேட்டை டீச்சர்:

வரலாறு நடத்துகிறவள் என்பதால் இதில் பேசாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் இருவரும் பேசுவதற்கு வேலூர்க் கோட்டையே சாட்சி.

1806 வேலூர்ப் புரட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு மே மாதமே புதிய தலைப்பாகையை அணிய மறுத்த சிப்பாய்களைப் பிடித்துச் சென்னைக்கு அனுப்பித் தண்டித்திருந்தார்கள். ஜூனில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் அதிகாரி கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், சதி நடக்கிறது என்று நேராகவே சொன்னார். அதை விசாரிக்கும் பொறுப்பு அதே படையின் இந்திய அதிகாரிகளிடம் விடப்பட்டது. அவருக்குப் பைத்தியம் என்று அவர்கள் சொன்னார்கள், அவரையே அடைத்து வைத்தார்கள். கம்பெனிக்காரர்களுக்குத் தகவல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கைக்கே வந்தது. தங்கள் சிப்பாய்கள் எழ மாட்டார்கள் என்று மனதில் ஏற்கெனவே ஒரு படம் இருந்தது, அதற்குள் அந்தத் தகவல் பொருந்தவில்லை.

இனி நம் சிப்பாய்கள் பக்கம். ஜூலை 10 விடிவதற்கு முன் எழுந்தார்கள். கோட்டை கைக்கு வந்தது, மைசூர்க் கொடி ஏறியது, கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். அவர்களுடைய துணிவை நான் எந்த வகுப்பிலும் குறைத்துப் பேசியதில்லை. ஆனால் கோட்டையைப் பிடித்த பிறகு யார் உத்தரவு கொடுப்பது என்பது தீர்மானமாகவில்லை. பலர் கலைந்து கொள்ளையில் இறங்கிவிட்டார்கள். வெளி வாசல்கள் திறந்தே கிடந்தன. ஆற்காட்டுக் குதிரைப்படை முகாம் சுமார் 25 கி.மீ. தொலைவில்தான். கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த ஓர் அதிகாரி அங்கே செய்தி அனுப்பிவிட்டார். அந்தக் குதிரைப்படையின் தலைவர் கில்லஸ்பி காலையிலேயே ஒரு சிறு முன்படையோடு வந்து சேர்ந்தார். வாசல் மேல் மதிலில் தோட்டா தீர்ந்த நிலையில் எஞ்சியிருந்த ஆங்கிலேயரின் 69ஆம் படையினர் கயிறு விட்டு அவரை மேலே தூக்கினார்கள். பின்னால் வந்த பீரங்கிகள் உள்வாசலை உடைத்தன. அதற்குப் பிறகு நடந்த படுகொலையை நினைத்தால் இப்போதும் மனம் கொதிக்கிறது. ‘இப்போது எங்கே’ என்பதற்கு அவர்களிடம் பதில் இருந்தது, கோட்டையே அவர்கள் கையில். ‘அடுத்து யார் வருவான், எந்தச் சாலையில்’ என்று கேட்கும் பொறுப்பில் ஒருவர் இல்லை.

அதற்காகத் தகவல் குறைவாக இருப்பதே நல்லது என்று எழுதிவிடாதீர்கள் தம்பி. 1780-ஐயும் பாருங்கள். ஹைதர் அலி ஆற்காட்டு முற்றுகையை விட்டுக் காஞ்சிபுரம் பக்கம் நகர்ந்தார். காஞ்சிபுரத்தில் ஆங்கிலேயத் தளபதி ஹெக்டர் மன்றோ பெரிய படையோடு இருந்தார். பின்னாளில் கவர்னரான தாமஸ் மன்றோ வேறு ஆள். ஹெக்டர் மன்றோவோடு சேர வடக்கிலிருந்து கர்னல் பெய்லியின் படை வந்துகொண்டிருந்தது. இரு படைகளும் எங்கே நிற்கின்றன என்று ஹைதருக்கு ஒற்றர்கள் மூலம் தெரிந்துகொண்டே இருந்தது. செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. பீரங்கிச் சத்தம் கேட்கும் தொலைவில் இருந்தும் மன்றோவால் வந்து சேர முடியவில்லை. நன்றாகத் தெரிந்தவர் நன்றாக முடிவெடுத்ததற்கும் நம் மண்ணிலேயே சான்று உண்டு.

குடியாத்தம் டு பெங்களூர்:

விமானக் காக்பிட் திரை வடிவமைப்பில் வேலை செய்கிறேன். சுபேதார் ஐயாவின் கேள்விக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் கொஞ்சம் பிரேக் போட வேண்டும்.

முதல் படியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜோன்ஸும் எண்ட்ஸ்லியும் 1996-ல் விமானிகளின் பாதுகாப்பு அறிக்கைகளை அலசியபோது, சூழல் உணர்வு சார்ந்த பிழைகளில் சுமார் 76 சதவீதம் முதல் படியிலேயே நடந்திருந்தன. தகவல் கண்ணில் படவில்லை, அல்லது பட்டும் பதியவில்லை. திரையில் இருப்பதும் தலைக்குள் இருப்பதும் வெவ்வேறு. 1988 ஜூலை 3 அன்று அமெரிக்காவின் வின்சென்ஸ் போர்க்கப்பல் ஈரானின் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி 290 பேர் இறந்தார்கள். விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்தது, கப்பலின் கருவியும் அப்படித்தான் பதிவு செய்திருக்கிறது. கப்பலுக்குள் இருந்தவர்கள் அது கீழே இறங்குகிறது என்று அறிவித்தார்கள். அமெரிக்கக் கடற்படை டாட்மஸ் என்ற பெயரில், நெருக்கடியில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்ற ஆராய்ச்சியைத் தொடங்கியதே அதன் பின்விளைவாகத்தான். பிறகு 2000-களில் டார்பா என்ற அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பும் அமெரிக்கத் தரைப்படையும் நடத்திய கமாண்ட் சோதனைகளில், கணினிக்கு எட்டிய தகவலைத் தனியாகவும் கமாண்டர் மனதில் பதிந்ததைத் தனியாகவும் அளந்து, இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்தார்கள். உங்கள் புராஜெக்ட்டிலும் இந்த இடைவெளிதான் ஆராய வேண்டிய இடம்.

இன்னொன்று, உங்கள் ஆட்கள் மாணவர்கள். உளவியலாளர் கேரி க்ளைன் தீயணைப்பு அதிகாரிகளை ஆராய்ந்தபோது, அவர்கள் இரண்டு மூன்று வழிகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பார்கள் என்று எதிர்பார்த்தார். அவர்களோ இது எந்த மாதிரித் தீ என்று அடையாளம் கண்டு, முதலில் தோன்றிய வழியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்து, சரிப்பட்டால் உடனே இறங்கினார்கள். பவுசரைத் தேடிய அதிகாரியும் அந்த ரகம். பல வருட அனுபவம் இருந்தால்தான் பவுசர் என்று தோன்றும். இருபது வயது என்.சி.சி. மாணவனிடம் அதை எதிர்பார்ப்பது கஷ்டம். கேள்வியின் எண்ணிக்கையும் ஆளுக்கு ஆள் மாறும், சிலர் இயல்பிலேயே நிறையப் பேசுவார்கள்.

காட்பாடி மாணவன்:

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி பதிவுகளைக் கேட்டேன். இப்போது எனக்கே சில விஷயங்கள் தெரிகின்றன.

திரைக் குழுவில் ஒருவர் ரிசர்வை நகர்த்துவதற்கு முன்னால், “அந்த மேட்டைப் பெரிதாக்கு”, “இப்போ இந்தப் பக்கம் பெரிதாக்கு” என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆட்டத்தை நிறுத்திக் கேட்டபோது ஒரு புள்ளிகூடத் தவறாமல் சொன்னவர் அவர்தான். பென்சில் குழுவில் ஒரு கேடட் பெண் நாகநதிப் பக்கக் காவல் நிலையைக் கூப்பிட்டு, “ஆற்றோரமாக யாராவது வந்தாங்களா? வரலைன்னா எல்லாரும் சாலைக்குத்தான் வர்றாங்க” என்கிறாள். யாரும் வரவில்லை என்று பதில் வந்ததும் ரிசர்வைக் கிளப்பிவிட்டாள். அவள் அனுபவம் உள்ளவள் இல்லை, முதல் வருட மாணவி.

சுபேதார் ஐயா, இந்தக் கேள்விகளை எப்படி வகை பிரிப்பது? என் கைடு ஒத்துக்கொள்ளும்படியாக, இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்தாலும் ஒரே மாதிரி வர வேண்டும்.

கணியம்பாடி சுபேதார்:

அந்தப் பெண்ணைப் பற்றிப் படித்ததும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ‘வரவில்லை’ என்ற செய்தியைக் கேட்டு வாங்கத் தெரிந்திருக்கிறது. பெரிய அதிகாரிகளிலும் பலருக்கு வந்தது மட்டும்தான் செய்தி. வர வேண்டியது வராமல் இருப்பதும் செய்திதான் என்று எனக்குப் புரியவே வருஷங்கள் ஆனது. பெங்களூர் தம்பி, அனுபவம் வேண்டும் என்று நீங்கள் சொல்வது சரிதான். ஆனாலும் இவள் விஷயத்தில் வேறு ஏதோ இருக்கிறது. திரை இல்லாததால், யோசித்துக் கேட்டே ஆக வேண்டிய இடத்தில் இருந்தாள். புராஜெக்ட் கண்டுபிடிக்க வேண்டியது அதைத்தான்.

வகை பிரிப்பது கஷ்டமில்லை. ஒவ்வொரு கேள்விக்கும், பதில் ‘ஆமாம்’ என்று வந்தால் ஒன்று, ‘இல்லை’ என்று வந்தால் வேறொன்று செய்ய நினைத்துக் கேட்டாரா என்று பார். அப்படியென்றால் ஒரு குறி. எந்தப் பதில் வந்தாலும் அடுத்து ஒன்றும் மாறாது என்றால் வேறு குறி. சந்தேகமாக இருந்தால் மூன்றாவது. எண்ணிக்கையை விட்டுவிடு, பெங்களூர் தம்பி சொன்ன மாதிரி அது ஆளைப் பொறுத்தது. மொத்தக் கேள்விகளில் முதல் வகையின் பங்கு எவ்வளவு, உத்தரவுக்கு முந்தைய கடைசிக் கேள்வி எந்த வகை, இந்த இரண்டை மட்டும் எடு. குறிப்பவர்களுக்கு அது திரைக் குழுவா பென்சில் குழுவா என்று தெரியக் கூடாது. “பெரிதாக்கு” என்ற மாதிரி வார்த்தை வந்தால் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதிக் கொடுக்கும்போதே “அந்த மேட்டில் என்ன இருக்கிறது” என்று மாற்றிக் கொடு.

அடுத்து, இடைவெளி. ஆட்டத்தின் நடுவில் எதிரணியை இரண்டாகப் பிரித்துவிடு. பிரிந்தது திரையில் தெரிந்த நேரத்தைக் குறி, பென்சில் குழுவுக்கு வயர்லெஸ்ஸில் போய்ச் சேர்ந்த நேரத்தைக் குறி. கமாண்டர் தன் வாயால் “பிரிந்துவிட்டார்கள்” என்றோ அந்தப் பொருளிலோ முதலில் சொன்ன நேரம் எது? அங்கிருந்து உத்தரவுக்கு எவ்வளவு? இரண்டையும் தனித்தனியாக வை. முதல் இடைவெளி நீண்டால் கோளாறு பார்ப்பதில். இரண்டாவது நீண்டால் தீர்மானிப்பதில். உன் திரைக் குழுவுக்கு இரண்டாவதுதான் நீளும் என்று நினைக்கிறேன். வேறு மாதிரி வந்தால் அப்படியே எழுது, எனக்காக மாற்றாதே.

ஜெயித்தாரா தோற்றாரா என்பதை வைத்து முடிவுக்கு மார்க் போடாதே. தப்பான உத்தரவு கொடுத்தும் எதிரணி சொதப்பியதால் ஜெயித்தவர்களைப் பயிற்சியில் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவர் கையில் இருந்த செய்தியை மட்டும் ஒரு தாளில் எழுதி, ஆட்டத்தைப் பார்க்காத இரண்டு முன்னாள் ராணுவத்தினரிடம் கொடு, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேள். கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள், ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் அழைத்து வருகிறேன்.

நீ யோசிக்காத இன்னொன்றும் இருக்கிறது. கமாண்டர் சொன்னது பிளாட்டூனுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? உத்தரவு கொடுத்ததும் பிளாட்டூன் கமாண்டரைத் தனியாக அழைத்து, உனக்கு என்ன சொன்னார்கள், எதற்காக அங்கே போகிறாய் என்று கேட்டு எழுது. “எங்கே” என்பதை எல்லாரும் சரியாகச் சொல்வார்கள். “எதற்காக” என்பதில்தான் பலரும் விழிப்பார்கள். எதற்காக என்று தெரிந்தவன் செட் செத்துப் போனாலும் சரியான வேலையைச் செய்துவிடுவான். தெரியாதவன் மறு உத்தரவு வரும்வரை நிற்பான், அந்தத் தாமதத்தையும் நீ கமாண்டர் கணக்கில் எழுதிவிடுவாய்.

அப்புறம் லேபில் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிற ஹெட்செட் இருந்தால் எடுத்துவிடு. அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம் என்று வை, நெட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். திரைக் குழுவுக்கும் அதே விதி, பெரிதாக்கச் சொல்வதையும் நெட்டில்தான் கேட்க வேண்டும். அப்போதுதான் இரண்டு குழுவுக்கும் ஒரு கேள்வியின் விலை ஒன்றாகும். வரைபடத்தை எனக்கு அனுப்பு. நாகநதியில் வண்டி இறங்கக்கூடிய இடங்கள் எனக்குத் தெரியும், குறித்துத் தருகிறேன். இப்போது நீ வைத்திருப்பதில் ஆறு முழுக்கக் கடக்கலாம் என்று இருந்தால் அதை முதலில் சரி செய்.